இரண்டு பேர் பார்த்தால்தான் பறவை

வெள்ளாங்கரைக் குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்குகிற பறவை பார்க்கும் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கரைமேல் நடந்து, மதியம் மடைப் பக்கத்துப் புளியமர நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த பறவைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னதும், குழுவை நடத்துகிறவரும் இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்ந்தவருமான சகாயராஜ் சார், கண்ணாடிக்கு மேலாக வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "வேற யாரு பாத்தது?" என்று கேட்பார். இன்னொரு கை உயர்ந்தால் அந்தப் பறவை அன்றைக்கு வெள்ளாங்கரைக்கு வந்திருக்கிறது. உயராவிட்டால், அது எவ்வளவு அபூர்வமான பறவையாக இருந்தாலும், எவ்வளவு தெளிவாகப் படம் பிடித்து வைத்திருந்தாலும், அது வரவில்லை.

"படம் கேமரா பாத்தது. எனக்கு ரெண்டு மனுசக் கண்ணு வேணும்" என்பார் சார்.

அந்த வட்டத்தில் உள்ளூர்க்காரி ஒருத்திதான். சுடலைவடிவு என்பது முழுப்பெயர், கல்லூரியில் எஸ். வடிவு என்று எழுதிக்கொண்டாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற மாசானத்துக்கும் பீடி சுற்றுகிற முப்பிடாதிக்கும் ஒரே மகள், விலங்கியல் படித்தவள், அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். கல்லூரியில் மூன்று வருடமும் பதில் தெரிந்திருந்தும் அவள் கையைத் தூக்கியதில்லை. தப்பாகிவிட்டால் தப்பு தன்னோடு நிற்காது, வீட்டைப் போய்ச் சேரும், தெருவைப் போய்ச் சேரும் என்று பயம். குளத்தங்கரை வட்டத்திலும் அப்படித்தான். அவளும் இன்னொருவரும் மட்டும் பார்த்த பறவைகள் பல, அவள் கை உயராததால், அந்தக் குளத்துக்கு வராமலே போயின.

முப்பிடாதியின் கை ஓயாது. மகளின் கால் ஓயாது. உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் பரீட்சைத் தாளில் கருக்க வேண்டிய வட்டங்களை விட்டுப் பேனா வெளியே ஓடும். அரசாங்க வேலைக்கான தேர்வை அப்படித்தான் அவள் இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். பதில் தெரியும், பேனாதான் நிற்கவில்லை. மூன்றாவது முறை கிடைக்காவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் சித்தியோடு போய்விடுவதாக அவளே வாயால் சொல்லியிருந்தாள். சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரும் திருப்பூர் என்ற பெயரைச் சொல்வதில்லை.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் குழு மொத்தமும் மடைப் பக்கத்தில் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்த பல் டாக்டர் ஜெபசிங், ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும் என்று ஒரு குச்சியைக் குறி வைத்துக் காலையிலிருந்து காத்திருந்தார். மீன்கொத்தி வந்தது, உட்கார்ந்தது, பறந்தது.

"எம்மா, அந்தக் காலக் கொஞ்சம் நிறுத்துதியா? தரையே ஆடுது" என்றார் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் வடிவுக்குக் காது வரை சூடேறியது. காலை நிறுத்தினாள். கால் நின்றதும் கையை நிறுத்தினாள், பிறகு தோளை, பிறகு இமையை, கடைசியில் எதை நிறுத்துவது என்று தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படி அசையாமல் இருந்ததில்லை. அப்போது ஒரு கொண்டைக்குருவி, கறுத்த தலையும் வாலடியில் குங்குமச் சிவப்பும் உள்ளது, எந்த ஊரிலும் எந்த வேலியிலும் இருப்பது, வட்டத்தில் பெயர் சொன்னால் 'அதத்தான் தினம் பாக்கோமே' என்று தாண்டிப் போகப்படுவது, வாயில் ஒரு நாரோடு வந்து, எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காத அவளுடைய சுருட்டை முடிக்குள் உட்கார்ந்து, நாரைச் செருகிவிட்டுப் போனது. திரும்பி வந்தது. இன்னொரு நார், ஒரு வேர், கொஞ்சம் சிலந்தி வலை. மதியச் சோற்றுக்கு எல்லோரும் எழுந்தபோது அடித்தளம் முடிந்திருந்தது. வெயில் தாழ்ந்து வட்டம் கூடியபோது, வடிவின் தலையில் ஒரு சின்னக் கிண்ணம் போலக் கூடு இருந்தது, அதற்குள் குருவி உட்கார்ந்து மார்பால் அழுத்தி வடிவம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அசையாத. அப்படியே இரிம்மா" என்று சகாயராஜ் சார் தவழ்ந்து வந்து கிசுகிசுத்தார்.

ஏன் அவள் தலையில் என்று வெள்ளாங்கரையில் யாரும் கேட்கவில்லை. கூட்டுக்கு இடம் பார்ப்பது குருவியின் விஷயம். எப்படிச் சாப்பிடுவாள், எப்படிப் படுப்பாள், வீட்டுக்கு எப்படி வருவாள் என்பதுதான் ஊரின் கேள்வியாக இருந்தது.

மகளைத் தேடிக்கொண்டு முப்பிடாதி கரைக்கு வந்தாள். வந்து, நின்று, பார்த்தாள்.

"காலைல தலைக்குக் குளிச்சியா?"

"குளிச்சேம்மா."

"எண்ண வச்சியா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சி. வழுக்காது" என்று சொல்லிவிட்டு, முப்பிடாதி தெருப் பெண்களைக் கூட்டி வரப் போனாள்.

அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரு காலத்தில் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து, கை பிடிக்காமல், பேசிக்கொண்டே, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தவர்கள். வடிவு மட்டும் சுமந்ததில்லை. படிக்கிற பிள்ளை என்று முப்பிடாதி விடவில்லை. இப்போது அவளைக் கரையில் நிறுத்தி வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, ஒரே சாயங்காலத்தில் அந்த நடையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"கழுத்த மறந்துரு. இடுப்பால நட."

"காலப் பாக்காத மைனி மவளே, தரை எங்கயும் ஓடிராது."

"பி.எஸ்ஸி. நடக்கப் படிக்கிதுடி!" என்று ஒருத்தி சொல்ல, வடிவுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பைத் தலைக்கு ஏறாமல் வாயிலேயே வைத்துக்கொள்ளவும் அன்றைக்கே படித்துக்கொண்டாள். அவள் அடி அடியாக வீட்டுக்கு நடக்க, குருவியும் அதன் ஜோடியும் மின்கம்பியில் தத்தித் தத்திப் பின்னாலேயே வந்தன. முற்றத்து முருங்கை மரத்தில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்தாள், சாப்பாடும் தூக்கமும் இனி அந்த உட்காரலிலேயே என்று ஆனது. அடுத்தடுத்த காலைகளில் குருவி முட்டையிட்டது.

ஊர் அதற்கேற்றபடி தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. புகையிலைத் தூசி குருவிக்கு ஆகாது என்று பீடிப் பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு கல்யாணம் மைக் செட் இல்லாமல் நடந்தது. நாதஸ்வரக்காரர் வடிவின் வீட்டைத் தாண்டும் வரை வெறுமனே கன்னத்தை உப்பிக்கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். தெருவில் திரிந்த ஒரு சாம்பல் பூனையைச் சீர்வரிசைக் கூடையில் வைத்து அதன் சொந்தக்காரியின் தங்கை ஊருக்கு விருந்தாளியாக அனுப்பினார்கள். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தால் கொண்டைக்குருவி எதிரி என்று நினைத்து முட்டி முட்டிச் சாகும் என்று சகாயராஜ் சார் சொன்னதிலிருந்து, வீட்டுக் கண்ணாடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பின, மோட்டார் சைக்கிள் கண்ணாடிகளுக்கு ஆளுக்கொரு கைக்குட்டை கட்டினார்கள், அந்த மாதம் முழுக்க வெள்ளாங்கரை ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சவரம் செய்துகொண்டார்கள்.

அதனால் வடிவு தன் தலையிலிருந்த கூட்டைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களின் செல்போனில் படமாகப் பார்த்தாள். படம் கேமரா பார்த்தது.

மாசானம் ஆட்டோவைத் தெருமுனை வரை கையால் தள்ளிக்கொண்டு போய் அங்கேதான் கிளப்பினார். சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற இடத்திலும், வாழைத்தார் இறக்குகிற இடத்திலும், பெட்ரோல் பங்கிலும், "நம்ம மவ தலைலதான்" என்று ஆரம்பித்துவிடுவார். எந்தப் பறவை என்று கேட்டவர்களிடம் "கொண்டைக்குருவி" என்பார், "ஐயே, கொண்டைக்குருவியா?" என்று உதடு பிதுக்கியவர்களின் லோடை அவர் அப்புறம் ஏற்றியதில்லை.

மேலத்தெருக்காரர்களும் வந்தார்கள். ஓட்டுக் கேட்கிற நாள் தவிர அந்தத் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று, அண்ணாந்து பார்க்க வேண்டியிராத உயரத்தில் இருந்த ஒரு கூட்டை அண்ணாந்து பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, வெயிலுக்குத் தண்ணீர் கேட்டு, முப்பிடாதி கொடுத்த செம்பில் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் அந்தச் செம்பை எப்போதும் போலக் கழுவிக் கவிழ்த்தாள். அன்று முழுதும் அவள் சுற்றிய பீடிகள் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன.

முட்டைகள் பொரிந்து இரண்டு குஞ்சுகள் வந்ததும் ஒரு வேன் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வேன், மூன்று வேன் வந்தன. மதுரையிலிருந்தெல்லாம் லென்ஸ்கள் வந்தன. நாமக்கோழிக்கும் பூநாரைக்கும் வந்தவர்கள் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முப்பிடாதியின் முற்றத்தில் மண்டியிட்டு, தினம் பார்க்கிற குருவியைப் படம் பிடித்தார்கள். வடிவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இத்தனை பேர் உற்றுப் பார்க்கும்போது கால் ஆடத் துடித்தது. ஆனால் தலைக்கு மேல் இரண்டு உயிர் தூங்கும்போது கால் ஆட முடியாது; இரண்டு மூன்று நாளில், காலும் அதை மறந்துவிட்டது.

தவறு நடந்தது டாக்டர் ஜெபசிங்கால். அவர் கெட்டவர் இல்லை. கூட்டைப் படம் பிடிக்கிறவர்களில் சிலர், மறைக்கிற இலையைக் கிள்ளி, குறுக்கே வருகிற குச்சியை ஒடித்து, வெளிச்சத்துக்கு வழி பண்ணிக்கொள்வது உண்டு. அதை அவர்கள் சுத்தம் பண்ணுவது என்று சொல்லிக்கொள்வார்கள். டாக்டரின் கேமராப் பைக்குள் அதற்கென்றே வளைந்த முனைக் கத்தரி ஒன்று இருந்தது. குஞ்சுகளின் முகத்தை வடிவின் ஒரு சுருள் முடி மறைத்துக்கொண்டிருந்தது. அவர் இலையைக் கிள்ளுகிற பழக்கத்தில், கேட்காமல், நறுக்கென்று அதை வெட்டினார்.

படம் அற்புதமாக வந்தது. சிவந்த இரண்டு வாய்கள், பின்னால் முருங்கைப் பூ. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அந்த இடைவெளி வழியாக மதிய வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியது. குஞ்சுகள் வாயைத் திறந்தபடியே மூச்சு வாங்கின. கொஞ்ச நேரத்தில் மின்கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, வேறு காக்கைகளைக் கூப்பிட்டது.

"டாக்டரே!" என்று முப்பிடாதி தட்டை எறிந்துவிட்டு எழுந்தாள். "உம்ம படத்துக்கு இதுக கூரையப் பிரிச்சிட்டீரே!"

"ஒரே ஒரு முடிதானம்மா..."

"உம்ம வீட்டுக் கூரைல ஒரே ஒரு ஓட்ட எடுத்துட்டு, அதுக்கு நேர கீழ உக்காந்து பாருமே. அப்பத் தெரியும்."

தெரு மொத்தமும் கூடிவிட்டது. வேனின் சாவியைப் பிடுங்க வேண்டும் என்றார்கள் சிலர், கேமராவைக் குளத்தில் போட வேண்டும் என்றார்கள் சிலர். முப்பிடாதி அதற்குள் வீட்டுக்குள் போய், நல்ல பீடி இலைகளாகப் பார்த்துப் பொறுக்கி, நறுக்கி, பீடி நூலால் கோத்து, மகளுக்குப் பின்னால் நின்று, குஞ்சின் மேல் விரல் நிழலைத் தவிர வேறெதுவும் படாமல், வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு சிறு தாழ்வாரம் கட்டி முடித்தாள். குஞ்சுகள் நிழலுக்குள் ஒதுங்கின. டாக்டர் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். வேனிலிருந்து குடையை எடுத்து வந்து வடிவின் பக்கத்தில் காக்கைகளைப் பார்த்து உட்கார்ந்தார். மற்றவர்கள் கிளம்பும் வரை எழுந்திருக்கவில்லை.

நெடுநேரம் கழித்து வடிவு, தலையைத் திருப்பாமல், மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர், தரை ஆடுதா?"

"இல்லம்மா. நான்தான் ஆடிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

அந்த வாரம் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். சகாயராஜ் சார் குஞ்சுகளின் இறகைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே பறந்தாலும் பறக்கும், அதுக்கப்புறம் நாலு நாள் ஆனாலும் ஆவும்" என்றார். கூட்டை எடுத்து முருங்கைக் கவட்டில் வைத்தால் என்ன என்றதற்கு, இந்த நிலையில் கை வைத்தால் குஞ்சுகள் பயந்து குதித்துவிடும் என்றார். முற்றத்தில் ஊர் கூடிப் பேசியது.

"தலைல கூடு கட்டின புள்ளைக்குக் கவர்மெண்ட் வேலை எதுக்கு? இதவிடப் பெருமை என்ன இருக்கு?" என்றார் டீக்கடை தங்கபாண்டி.

மாசானம் அதுவரை மகளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு ஆட்டவில்லை. "கூடு காலியாயிரும் அண்ணாச்சி. அதுக்கப்புறம்?" என்று கேட்டார். எல்லோரும் திருப்பூரை நினைத்துக்கொண்டார்கள்.

பரீட்சைக்குப் போனால் இரண்டு உயிர் போகும். போகாவிட்டால் அப்பா அம்மா இத்தனை வருடம் நினைத்தது போகும். வடிவு இரண்டு பக்கத்தையும் எடை போட்டுப் பார்த்தாள், தராசு எந்தப் பக்கமும் இறங்கவில்லை. எப்போதும் போல மற்றவர்கள் சொல்லட்டும் என்று இருந்துவிடலாம்தான். ஆனால் தலையை ஆட்டாமல் இருந்து இருந்து, சரி என்று தலையாட்டுகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

"நான் எழுதணும். இதுகளும் பறக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. குஞ்சுகள்கூட அரை நிமிடம் கத்துவதை நிறுத்தின.

ஞாயிறு விடிந்ததும் வெள்ளாங்கரை கிளம்பியது. மாசானத்தின் லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பி, மேலே நாற்காலி போட்டு, தாய்க்குருவிக்குத் தெரியும்படி வடிவை வந்த வழியைப் பார்த்து உட்கார வைத்தார்கள். மாசானம் கிளட்ச்சைப் பூப்போல விட்டு, குருவி தத்துகிற வேகத்துக்கு வண்டியை உருட்டினார். இருபுறமும் பெண்கள் பழம் பழுத்த உண்ணிச்செடிக் கொப்புகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குருவிகள் அதில் வந்து கொத்தி, குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, அடுத்த கொப்புக்குப் போயின. முன்னால் டாக்டர் ஜெபசிங் காரின் விளக்கை எரியவிட்டுக்கொண்டு வழி விலக்கினார், பின்னால் குழுவின் வேன். வழியிலிருந்த ஊர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, கோயில் ரேடியோக்கள் ஊர்வலம் தாண்டும் வரை வாய் மூடின, எதிரே வந்த பேருந்துகள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கின, ஓர் ஊரில் மாட்டுச்சந்தையே பேச்சை நிறுத்திவிட்டு நின்றது, அங்கிருந்த மாடுகள் உட்பட.

பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் தடுத்தார்.

"தலைல என்னம்மா?"

"கூடு சார்."

"உள்ள ஏதும் இருக்கா?"

"ரெண்டு குஞ்சு."

"ரெண்டுக்கும் ஹால் டிக்கெட் உண்டா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்து, மேற்பார்வை பார்க்கிற ஹெப்சிபா டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருள்களை விரல் விட்டுச் சொல்லிப் பார்த்தார்: செல்போன், கால்குலேட்டர், கைக்கடிகாரம், புத்தகம். "கூடுன்னு சொல்லல" என்றார். பிறகு சந்தேகத்தோடு, "பேசுமா?"

"கத்தும் டீச்சர். பசிச்சா மட்டும்."

"அதுக்கு நானும் கத்துவேன். உள்ள போ."

கேமராக்களையும் போன்களையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மாசானமும் முப்பிடாதியும் டாக்டரும் ஊரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

வடிவுக்கு ஜன்னலோரம் இடம். அறைக்குள் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பியில் தாய்க்குருவி வந்து உட்கார்ந்தது, உள்ளே வரப் பார்த்தது, சுற்றுகிற இறக்கைகளைக் கண்டு திரும்பியது. மறுபடி வந்தது, திரும்பியது. குஞ்சுகள் கத்தின. வடிவு வினாத்தாளைப் பார்த்தாள், எழுத்து ஒன்றும் ஏறவில்லை.

"டீச்சர், ஃபேன அணைச்சிரலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் கேட்டாள்.

"நல்லாருக்கே! வேர்வ தாள்ல சொட்டுனா யாரு பொறுப்பு? நான் அஞ்சாவது தடவை எழுதுதேன்" என்றார் ஒரு மீசைக்காரர். அப்போது தாய்க்குருவி நான்காவது முறையாக வந்து திரும்பியது. அதன் வாயில் ஒரு பச்சைப் புழு இருந்தது. மீசைக்காரர் அதைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, தானே சுவருக்குப் போய், எல்லா விசிறிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கைக்குட்டையை மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

பங்குனி வெயிலில் அந்த அறை வெந்தது. அத்தனை பேரும், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு கடைசித் தடவையும் பின்னால் இருக்க, சட்டை முதுகில் ஒட்ட, நெற்றியைத் துடைத்துத் துடைத்து எழுதினார்கள். குருவி வந்து போய்க்கொண்டிருந்தது. வடிவு வட்டங்களைக் கருக்கிக்கொண்டு போனாள். பேனா ஒரு வட்டத்தையும் தாண்டவில்லை. குடம் சுமக்கிற பெண்கள் சொன்னது போலக் கழுத்தை மறந்தாள், பிறகு கையை மறந்தாள், பதில் மட்டும் மிச்சம் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தலைமேல் நகங்கள் பற்றுவதை உணர்ந்தாள். ஒரு குஞ்சு கூட்டு விளிம்பில் ஏறி, அங்கிருந்து அவள் நெற்றி மயிருக்கு இறங்கி, அங்கே நின்று ஆடியது. அதன் சின்ன நெஞ்சு அடிப்பது அவள் எலும்பில் கேட்டது. பிறகு அந்தக் கனம் இல்லை. அறையில் ஒரு மூச்சு ஏறியது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சு. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்க உடம்பு முழுதும் இழுத்தது. ஆனால் இன்னொன்று இன்னும் விளிம்பில் நின்றது. அவள் நிமிர்ந்தால் அது விழும். அவள் அடுத்த வட்டத்தைக் கருக்கினாள். இரண்டாவது கனமும் போனது. ஹெப்சிபா டீச்சர், "இன்னும் அரை மணி நேரம்" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார். வடிவு தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல் மிச்சத்தையும் முடித்தாள்.

வெளியே வந்ததும் அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்று கரும்பலகை மேல் போய் உட்கார்ந்தது என்றார்கள், இல்லை, டீச்சர் மேசைமேல் என்றார்கள், மீசைக்காரர் தன் தோளைத் தொட்டுவிட்டுத்தான் ஜன்னல் வழியே வெளியே போனது என்று சத்தியம் செய்தார். படம் ஒன்றுகூட இல்லை. முடிவு வர மாதங்கள் ஆகும். வெள்ளாங்கரை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, தங்கபாண்டி அப்போதே அவளை 'ஆபீசரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெயிலும் தாழ்ந்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் குழு வட்டமாக உட்கார்ந்தது. ஊரும் உட்கார்ந்தது, வட்டம் பெரிதானது, பரீட்சை எழுதியவர்களில் பலரும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

"காக்கா" என்றார் ஒருவர். கைகள் உயர்ந்தன. "மைனா." உயர்ந்தன.

"கொண்டைக்குருவி" என்றார் சகாயராஜ் சார் தானே. "இன்னைக்குப் பறந்தது, ரெண்டு. யாரு பாத்தது?"

கர்ப்பிணிப் பெண்ணின் கை உயர்ந்தது, மீசைக்காரரின் கை, ஹெப்சிபா டீச்சரின் கை, தேர்வறையிலிருந்த எல்லோருடைய கையும். யாரும் தாண்டிப் போகச் சொல்லவில்லை. மாசானம் சுற்றிப் பார்த்தார். அவர் கை உயரவில்லை, டாக்டரின் கை உயரவில்லை. அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள். ஆனால் மகளின் கையும் மடியிலேயே இருந்தது.

"ஏட்டி, கையத் தூக்கு. உன் தலைலருந்துதான பறந்துச்சு?"

"நான் பாக்கலப்பா" என்றாள் வடிவு.

சகாயராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அப்போது வேப்பமரத்துக்குள்ளிருந்து, இத்தனை நாள் அவள் உச்சந்தலையில் கேட்டுப் பழகிய அந்தப் பசிக் கத்தல் வந்தது. எல்லா முகமும் மேலே போனது. அவள் முகம் மட்டும் போகவில்லை. பின்னால் சாய்வது எப்படி என்று கழுத்துக்கு மறந்திருந்தது. மெல்ல, மெல்ல, அவள் தலையைச் சாய்த்தாள். காலிக் கூடு முடியிலிருந்து கழன்று சரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த முப்பிடாதி, அன்றைக்கு இலையும் நூலும் இல்லாத இரண்டு கையாலும் அதைத் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டாள்.

இலைகளுக்கு நடுவே, குட்டை வாலோடு, இன்னும் சரியாகக் கொண்டை முளைக்காத இரண்டு குருவிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றின் காலில் அவளுடைய சுருள் முடி ஒரு இழை சிக்கியிருந்தது. தாய் வந்து ஊட்டியது. ஒன்று, கொப்பு மாறப் பறந்தது.

வடிவு கையைத் தூக்கினாள்.

"கொண்டைக்குருவி" என்றாள். "நானும் பாத்தேன் சார். எழுதிக்கோங்க."